கொடியில் இரண்டு துண்டு

பஸ் அக்கா என்றால் அந்த நகரத்தில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் தெரியும். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனை வரை போகிற பேருந்தை ஓட்டுகிறவள். கவிதையும் எழுதுவாள் என்பது சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள், ஒருவருக்கு மூலநோய் இருப்பது தெரியவந்தால் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி, அதைப் பற்றி விசாரிக்காமல் நாகரிகமாக விட்டுவிட்டார்கள்.

அவளுக்கும் யார்மீதும் பெரிய மதிப்புக் கிடையாது. பின்வாசல் வழியாகச் சத்தம் போடாமல் இறங்கிப் போகிறவர்கள் மட்டுமே மனிதரில் தேறுவார்கள் என்பது அவள் முடிவு. மற்றவர்கள் எல்லாம் வெறும் வாய். தமிழ்ச் சங்கத்தில் ஒருமுறை அவளைக் கவிதை வாசிக்கக் கூப்பிட்டார்கள். யாருடைய காரோ வழியை மறித்து நிற்கிறது என்ற அறிவிப்புக்கும் சாப்பாடு தயார் என்ற அறிவிப்புக்கும் நடுவில் இடம் கொடுத்தார்கள். அவள் வாசித்தபோது பாதிப் பேர் காரைப் பார்க்கப் போயிருந்தார்கள், மீதிப் பேர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவள் அந்த நாட்டுக்கு வந்தது போட்டோ பார்த்து நிச்சயமான சம்பந்தத்தில். விமானம் இறங்கி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா நின்றாள். அவள்தான் தம்பியை அங்கே வரவழைத்தவள், சம்பந்தம் பேசியவள், வீடு கொடுக்கப் போகிறவள். வந்தவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் காதிலேயே விழும்படி தம்பியிடம் சொன்னாள்.

"ஏண்டா, போட்டோவுல நல்லா லைட்டப் போட்டு எடுத்து ஏமாத்திட்டாங்கடா."

"சரிக்கா," என்றார் மாப்பிள்ளை.

அவருக்கு அந்த ஒரு சொல்தான் கைவசம். குளிர்பதனக் கிடங்கில் வேலை, வீட்டிலும் அதே தட்பவெப்பம்தான். நல்ல மனிதர், கெட்டது செய்யத் தெரியாது. நல்லது செய்யவும் யாராவது சொல்ல வேண்டும்.

நாத்தனார் தன்னைச் சுண்டினால் ரத்தம் வரும் நிறம் என்று நம்பி வாழ்ந்தவள். சுண்டிப் பார்த்தவர் யாருமில்லை. நேர்மையாகச் சொன்னால் பஸ் அக்காவைவிட ஒரு மாற்று வெளுப்பு, அதுவும் ஜன்னல் ஓரத்தில் நின்றால். தெருவில் போகிற அந்த ஊர்க்காரனுக்கு இருவரும் ஒரே கறுப்புதான். ஆனால் வீட்டுக்குள் அந்த ஒரு மாற்றை வைத்து அவள் ராஜ்யமே நடத்தினாள்.

மாடியில் இவர்களுக்கு ஓர் அறை. குளியலறை எல்லோருக்கும் பொது. அங்கே கட்டியிருந்த கொடியில் தும்பைப்பூ மாதிரி வெள்ளைத் துண்டுகள் தொங்கும். வந்த மறுநாள் காலையில் பஸ் அக்கா முகம் கழுவிவிட்டு ஒன்றை எடுக்கக் கையை நீட்டினாள். வாசலில் நின்ற நாத்தனார், "இரு இரு, அத எடுக்காத. உன் மூஞ்சிய துடைச்சா சாயம் ஒட்டிக்கும். உனக்குத் தனியா வாங்கி வெச்சிருக்கேன்," என்று கடையில் குவித்துப் போட்டு விற்கிற ரகத்தில் ஒரு நீலத் துண்டைக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். அந்த வீட்டில் எல்லாமே சிரித்துக்கொண்டேதான் நடந்தது.

அந்தத் துண்டு முதல் துவைப்பிலேயே சாயத்தைக் கக்கியது. ஈரத் துண்டால் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் கன்னமெல்லாம் நீலம். பஸ் அக்கா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சோப்புத்தூள் பெட்டியைக் கிழித்து, அட்டையின் உள்பக்கத்தில் எழுதினாள்:

*கொடியில் இரண்டு துண்டு.*
*ஒன்று வெள்ளை, ஒன்று எனக்கு.*
*என் முகத்தின் சாயம் ஒட்டுமென்று*
*எடுத்துத் தந்த துண்டு*
*ஒரே துவைப்பில் சாயம் விட்டது.*
*முகம் அப்படியே இருக்கிறது.*

எழுதியதும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். சிரிப்புத்தான் வந்தது. தனக்கு வாய்த்த சரக்கு இதுதான் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டாள். கண்ணீர்க் கவிதை எழுத ஊரில் ஆள் இருக்கிறது, எகத்தாளத்துக்குத்தான் ஆள் இல்லை.

பிறகு அலுவலகங்களில் தரை துடைத்தாள். மொழி பிடிபட்டதும் பேருந்து ஓட்டுவதற்குப் பயிற்சிக்கு எழுதிப் போட்டாள். "பொம்பள பஸ் ஓட்டுனா எவன் ஏறுவான்?" என்றாள் நாத்தனார். மழை பெய்தால் எவனும் ஏறுவான் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தனி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். நாத்தனார் வாரம் தவறாமல் வந்து திரைச்சீலையைக் குறை சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நாடும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. ஒருநாள் ஒரு பெரிய மனிதர், குடையும் கோட்டுமாக, படியில் ஒரு காலை வைத்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற டிரைவர் யாரும் கிடையாதா?" என்று கேட்டார்.

"இருக்காரு சார். அடுத்த வண்டி. என்னைவிட ரெண்டு மடங்கு கறுப்பு. நின்னு ஏறிக்கிறீங்களா?"

மனிதர் ஏறி உட்கார்ந்தார், மருத்துவமனை வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் அக்கா அதைக் கவிதையாக எழுதவில்லை. பணிமனைத் தோழி ஒருத்தி ஏன் என்று கேட்டதற்கு, "அந்தாளுக்கு எதுக்குக் கவிதை? அவன் என்ன என் சொந்தக்காரனா?" என்றாள். அது வெறும் பேச்சல்ல. முன்பின் தெரியாதவன் சொன்னது தோலோடு போய்விட்டது. நாத்தனார் சொன்னதுதான் முள்ளாக உள்ளே தங்கியது.

கவிதைகளை அவ்வப்போது ஓர் இணைய இதழுக்கு அனுப்பிவைப்பாள். அவற்றைத் தேடிப் படித்துவிட்டு ஒருவன் பணிமனை உணவகத்துக்கே வந்து நின்றான். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வாத்தியார், அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழை அம்மாவிடம் பாதியும் அகராதியிடம் பாதியும் கற்றவன். நல்ல பிள்ளைதான், ஆனால் எதைக் கேட்டாலும் கண் கலங்குகிற ஜாதி.

"ஆன்ட்டி, உங்க கவிதைங்கள நான் இந்த ஊர் மொழியில கொண்டு வரணும். உங்க வலிய இவங்க புரிஞ்சுக்கணும்."

"ஆன்ட்டின்னு சொல்லாத. வலியெல்லாம் எனக்கு முட்டியில மட்டும்தான் இருக்கு. மத்தபடி உன் இஷ்டம்."

சில மாதம் கழித்து ஒரு பெரிய பத்திரிகையைக் கொண்டுவந்து விரித்தான். முழுப் பக்கத்தில் அவள் கவிதை. பஸ் அக்கா தேநீரை ஊதியபடி படித்தாள். ஏதோ தேசியக்கொடி என்று போட்டிருந்தது. கொடி இரண்டு துண்டாகக் கிழிந்து கிடக்கிறதாம், வெள்ளைத் துண்டு அவர்களுக்காம், மிஞ்சிய துண்டு இவளுக்காம். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. பாவி, துணி காயப்போடுகிற கொடியைக் கோட்டையில் ஏற்றுகிற கொடியாக்கிவிட்டான்! முகம் துடைக்கிற துண்டைக் கிழிந்த துண்டாக்கிவிட்டான்!

"தம்பி, இது..." என்று ஆரம்பித்தாள்.

"படிச்சவங்கல்லாம் அழுதுட்டாங்க," என்றான் அவன். "இந்த வருஷம் வந்ததிலேயே இதுதான் முக்கியமான கவிதைன்னு எழுதியிருக்காங்க. அதுவும் அந்தக் கொடிப் படிமம்! எப்படி உங்களுக்குத் தோணுச்சு?"

பஸ் அக்கா வாயைத் திறந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தோணுச்சு," என்றாள்.

அதுதான் அவள் செய்தது. மற்றவர்களை எல்லாம் வெறும் வாய் என்று சொன்னவள், முழுப் பக்கத்தில் தன்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். கைதட்டலுக்கு மயங்காத கவிஞன் இன்னும் பிறக்கவில்லை, பிறந்தாலும் தமிழில் பிறக்க மாட்டான்.

அதற்குப் பிறகு மளமளவென்று நடந்தது. ஒரு பதிப்பகம் புத்தகம் போடுவதாகச் சொன்னது. வானொலியில் பேசக் கூப்பிட்டார்கள். காரைப் பார்க்கப் போன தமிழ்ச் சங்கம், "எங்கள் இனத்தின் குரல்" என்று எழுதிய கேடயத்தோடு வீட்டுக்கே வந்தது. சங்கத் தலைவர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, போட்டோ சரியாக விழவில்லை என்று வாங்கி, மறுபடி கொடுத்தார்.

எல்லோரையும்விட மாறியது நாத்தனார்தான். "எங்க வீட்டுப் பொண்ணு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். எங்க வீட்டு மாடியிலதான் எழுத ஆரம்பிச்சா," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் பஸ் அக்காவுக்கு எரிச்சல்.

நகர நூலக அரங்கில் நடக்கும் இலக்கிய விழாவில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் வாசிப்புக்கு ஏற்பாடானது. விழாவை நடத்துகிற அம்மாள் கழுத்தில் கோழிமுட்டை அளவு மணிகள் கோத்த மாலை போட்டிருப்பாள். பேசும்போது எதிராளியின் கையைப் பிடித்துக்கொள்வாள், துக்க வீட்டில் பிடிக்கிற மாதிரி. அவளுக்கு வேண்டியதெல்லாம் காயம்பட்ட கவிதைகள். புருஷனின் குறட்டையைப் பற்றிய கவிதையையும் பணிமனைத் தேநீர் இயந்திரத்தைப் பற்றிய கவிதையையும் மெதுவாக ஒதுக்கி வைத்தாள்.

"இவை நன்றாக இருக்கின்றன. ஆனால் இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"குறட்டை விடுற ஆளுக்குப் பக்கத்துல," என்றாள் பஸ் அக்கா. அம்மாள் அதைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"உங்கள் பாரம்பரிய உடையில் வர முடியுமா?"

"முடியும்." அவள் பேருந்து ஓட்டுநர் சீருடையில் போனாள். அவள் அதிகம் உடுத்திய உடை அதுதான். அம்மாளின் முகம் ஒரு நொடி சுருங்கி, மறுநொடி, ஆகா, இதுவும் ஓர் எதிர்ப்புக் குரல் என்று மலர்ந்துவிட்டது. அந்த ஜாதியை எதனாலும் தோற்கடிக்க முடியாது.

அரங்கு நிறைந்திருந்தது. முதல் வரிசையில் வீட்டுக்காரர், அவருக்குப் பக்கத்தில் கழுத்துக்கொள்ளாத நகையோடு நாத்தனார், அடுத்து சங்கத் தலைவர். பஸ் அக்கா தமிழில் வாசித்தாள், வாத்தியார் அவன் மொழியாக்கத்தை வாசித்தான். கொடி கிழிந்தது. அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. நாத்தனாருக்குப் பின்னால் இருந்த அந்த ஊர்க் கிழவி ஒருத்தி முன்னால் சாய்ந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "எங்களை மன்னித்துவிடுங்கள். நீங்களும் இதையெல்லாம் பட்டிருப்பீர்கள்," என்றாள்.

நாத்தனார் தலையைக் குனிந்து, கண்ணை ஒற்றிக்கொண்டு, "ஆமாம்," என்றாள்.

மேடையிலிருந்து பஸ் அக்கா அதைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு எந்த உறுத்தலும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பெல்லாம் வரவில்லை. துண்டைக் கொடுத்தவளே அனுதாபத்தையும் வாங்கிக்கொள்கிறாளே என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது.

கேள்வி நேரம் வந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, "அந்தக் கொடியின் வெள்ளைப் பகுதி உங்களுக்கு எதைக் குறிக்கிறது?" என்று கேட்டார்.

பஸ் அக்கா ஒலிவாங்கியை இழுத்து வைத்துக்கொண்டாள். "குளியலறையக் குறிக்குது. அது நாட்டுக் கொடி இல்ல, துணி காயப்போடுற கயிறு. எங்க மொழியில ரெண்டுக்கும் ஒரே சொல்லு. துண்டுன்னா முகம் துடைக்கிற துண்டு. நான் துடைச்சா வெள்ளைத் துண்டு கறுத்துப் போகும்னு எனக்குத் தனியா ஒரு நீலத் துண்டு குடுத்தாங்க. குடுத்தது உங்க நாடு இல்ல. என் வீட்டுக்காரரோட அக்கா. இதோ, முன்னாடி உக்காந்திருக்காங்க. இப்ப ஒருத்தங்க கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டீங்களே, அவங்கதான்."

கிழவி கையை விட்டுவிட்டாள்.

நாத்தனார் எழுந்தாள். நகையெல்லாம் கலகலத்தது. அழுவாள், இல்லை வெளியே போவாள் என்று பஸ் அக்கா நினைத்தாள்.

"நீலமா?" என்றாள் நாத்தனார் தமிழில், அரங்கு அதிர. "நான் எப்படி நீலத் துண்டு வாங்கிக் குடுத்தேன்? அது பச்சை!"

"நீலம், அண்ணி. என் மூஞ்சியெல்லாம் ஒட்டிச்சு, எனக்குத் தெரியாதா?"

"பச்சைடி! குவிச்சுப் போட்டிருந்ததுல நான்தானே பொறுக்கி எடுத்தேன். இத்தன பேரு முன்னாடி பொய் சொல்லாத. ஏண்டா, நீ சொல்லு, என்ன கலரு?"

வீட்டுக்காரர் வெளியே போகும் வழி என்று எழுதிய பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிக்கா," என்றார்.

"அவங்க என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க?" என்று நாலாபுறமும் கேட்டார்கள். வாத்தியார் பரிதாபமாக, "துண்டின் நிறம் பற்றி... ஒரு கருத்து வேறுபாடு," என்றான். மணிமாலை அம்மாள் மேடைக்கு ஓடிவந்தாள். "எவ்வளவு துணிச்சலான நிகழ்த்துகலை! நினைவே ஒரு போர்க்களம் என்பதை நம் கண்முன் காட்டிவிட்டார்கள்," என்றாள். உடனே அரங்கு முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. உண்மையைச் சொன்னாலும் கைதட்டல், பொய்யைச் சொன்னாலும் கைதட்டல். செவிடன் காதில் ஊதின சங்குக்குக்கூட இந்த மரியாதை கிடைத்திருக்காது.

வாசலில் சங்கத் தலைவர் மறித்தார். "என்னம்மா இது? வீட்டு விஷயத்த வீதிக்குக் கொண்டு வரலாமா? நம்மள ஒடுக்குறாங்கன்னு நாம சொல்லிட்டிருக்கும்போது, நாமளே இப்படின்னு தெரிஞ்சா அவங்க என்ன நினைப்பாங்க?"

"கேடயத்தக் குடுத்துவிடுறேன். வேற இனத்துக்குக் குரல் வேணும்னா குடுங்க," என்றாள் பஸ் அக்கா.

கடைசியாக வாத்தியார் வந்தான். அவன் அன்று கண் கலங்கவில்லை. "நான் தப்பாப் படிச்சேன், சரி. நீங்க முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமா என்னை ஊர் முழுக்க அந்தக் கொடியத் தூக்கிட்டு அலையவிட்டீங்க. கைதட்டல நீங்களும்தானே வாங்கிக்கிட்டீங்க?" என்றான். ஆன்ட்டி என்றுகூடச் சொல்லவில்லை. பஸ் அக்கா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரருக்கு மாலை வேலை, அங்கிருந்தே கிடங்குக்குப் போய்விட்டார். பெண்கள் இருவரும் பேருந்தில் ஏறினார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கைதான் காலியாக இருந்தது. நாத்தனார் நகைகளைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டபடி, கேட்காமலே பேசினாள்.

"நான் வந்த புதுசுல ஓட்டல் சலவை அறையில வேலை. மேற்பார்க்கிறவ ஒருத்தி, வெள்ளை விரிப்பத் தொடணும்னா கையுறை போட்டுக்கோம்பா. மத்தவளுங்க யாரும் போட வேணாம், நான் மட்டும். அழுக்காகிடுமாம். கை வேர்த்து வேர்த்துத் தோலே உரிஞ்சு போச்சு. நான் யார்கிட்டப் போய் கவிதை படிக்கிறது? நீ வந்த, அதையே உனக்குச் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை. பருப்பு வாங்கியதைச் சொல்கிற குரல்.

பஸ் அக்காவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. கையுறைக்குள் உரிந்த தோல்! தன்னுடைய துண்டைவிட எத்தனை மடங்கு நல்ல கவிதை இது, இதைப் போய் இந்தப் பொம்பளை இத்தனை வருஷம் பருப்பு டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாளே என்று ஆத்திரமாக வந்தது.

"அண்ணி, இத நான் எழுதட்டுமா?"

"எழுதிப் பாரு. உன் பஸ்ஸு முன்னாடியே வந்து படுப்பேன்," என்றாள் நாத்தனார்.

அவள் எழுதவில்லை. பயந்து அல்ல. நாலு நாள் முயன்றும் வரவில்லை. அந்தக் குரலில் இருந்தது தாளில் இறங்க மறுத்தது.

பதிப்பகம் தேசியக்கொடியைத்தான் கேட்டது. துண்டு என்று போட்டால் கவிதை சிறுத்துவிடுகிறதாம். "சிறுசுதான். குளியலறை அளவுதான்," என்று பஸ் அக்கா எழுதி அனுப்பினாள். புத்தகம் நின்றுபோனது. வாத்தியார் மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் புது மொழியாக்கத்தோடு உணவகத்துக்கு வந்தான். இந்த முறை துண்டு, துண்டாகவே இருந்தது, குறட்டையும் சேர்ந்திருந்தது. ஒரு சின்ன அச்சகம் அதைப் போட்டது. ஒரே ஒரு மதிப்புரை வந்தது, முன்பிருந்த அரசியல் கூர்மை போய்விட்டதாக வருத்தப்பட்டிருந்தது. நாத்தனார் பத்துப் பிரதி வாங்கி உறவுக்காரர்களுக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "இதுல நான் வர்றேன்," என்றாள் பெருமையாக.

அடுத்த ஆண்டு மணிமாலை அம்மாளிடமிருந்து தொலைபேசி வந்தது. பஸ் அக்கா மருத்துவமனை முனையில் வண்டியை நிறுத்தி, இடைவேளையில் ரொட்டியைப் பிரித்திருந்தாள். விழாவுக்கு வர வேண்டுமாம். கவிதை வாசிக்கத் தேவையில்லையாம். நாத்தனாரும் அவளும் சென்ற முறை செய்த அந்தச் சண்டையை மட்டும் மறுபடி செய்து காட்டினால் போதுமாம். நாத்தனாரிடம் ஏற்கெனவே பேசியாயிற்றாம், அவர் சம்மதித்துவிட்டாராம், என்ன உடுத்துவது என்று மட்டும் கேட்டாராம்.

"அன்னிக்கு எனக்கு டூட்டி," என்றாள் பஸ் அக்கா.

"இன்னும் தேதியே சொல்லவில்லையே?"

"எந்தத் தேதியா இருந்தாலும்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். ரொட்டியை முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். தன் மேடையைக் கெடுத்துவிட்டாள் என்று நாத்தனார் பல வாரம் பேசவில்லை, திரைச்சீலையைக்கூட வந்து பார்க்கவில்லை. கேட்டவர்களிடம் பஸ் அக்கா, "இலக்கியத்தால எனக்குக் கெடைச்ச ஒரே லாபம் அதுதான்," என்றாள்.